சிறப்பு வகுப்பறையில் வெகுமதியின் வரலாறு

ஒரு செயலைச் செய்தவுடன் கிடைக்கும் ஒன்றினால் அந்தச் செயல் முன்னைவிட அடிக்கடி நடக்கத் தொடங்கினால், அதற்கு நேர்மறை வலுவூட்டல் என்று பெயர். பி.எட். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்த வரையறையில் பரிசு, மிட்டாய், பாராட்டு ஆகிய சொற்கள் எதுவும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. கொடுப்பவர் பரிசு என்று நினைத்துக் கொடுப்பது, வாங்குபவருக்குப் பரிசாக இல்லாமல் போகலாம். வகுப்பின் முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னால் பூரித்துப் போகும் குழந்தையும் உண்டு; காதைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தையும் உண்டு. ஓடிய குழந்தை மறுநாள் அந்த வேலையைத் தொடாது என்றால், அந்தக் கைதட்டல் வலுவூட்டல் ஆகாது. மாறாக, ஆசிரியர் திரும்பிப் பார்த்துத் திட்டுவதற்காகவே ஒரு பிள்ளை மேசையில் தாளம் போடுமானால், அந்தத் திட்டுதான் வலுவூட்டல். சிறப்புக் கல்வியில் இந்த முறை கடந்துவந்த இருநூறு ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதிலேயே கழிந்தது.

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1800 ஜனவரியில், தென் பிரான்ஸின் அவேரோன் பகுதியில் காட்டில் திரிந்துகொண்டிருந்த சுமார் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். அவனுக்குப் பேச்சு இல்லை. மனிதர் நடுவே வாழ்ந்த பழக்கமும் இல்லை. பாரிஸில் காது கேளாதோருக்கான நிறுவனத்துக்கு அவனைக் கொண்டுவந்தார்கள். மருத்துவ அறிஞர்கள் பார்த்துவிட்டு, இவனுக்கு எதையும் கற்பிக்க இயலாது என்று கையை விரித்தார்கள். அந்த நிறுவனத்தின் இளம் மருத்துவரான ழான் இத்தார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சிறுவனுக்கு விக்டர் என்று பெயரிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் அவனோடு மல்லுக்கட்டினார்.

விக்டருக்குப் பால் என்றால் உயிர். இத்தார் அதையே பிடித்துக்கொண்டார். பால் பாத்திரத்தைக் கண்ணில் காட்டி, பாலுக்கான பிரெஞ்சுச் சொல்லான ‘லே’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அவன் வாயிலிருந்தும் அது வரட்டும் என்று காத்திருப்பார். அவனோ துடிப்பான், கையை நீட்டுவான், பேசமாட்டான். ஒருநாள், இனிப் பயனில்லை என்று கோப்பையில் பாலை ஊற்றிய பிறகு, விக்டர் மகிழ்ச்சியோடு ‘லே’ என்றான். இத்தாருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. பால் கைக்கு வருவதற்கு முன்பு சொல்லியிருந்தால் அது கேட்பது; வந்த பிறகு சொன்னால் வெறும் ஆனந்தக் கூவல் என்று தம் அறிக்கையில் எழுதிவைத்தார். அவர் தேடியது ஒலியை மட்டுமல்ல, வேண்டுகோளை. பின்னால் வந்தவர்களில் பலர் தவறவிட்ட நுட்பம் இது.

வேண்டுகோள் வேறு வழியில் வந்து சேர்ந்தது. ‘லே’ என்பதற்கான நான்கு எழுத்துகளை மேசையில் வரிசையாக அடுக்கினால் பால் கிடைக்கும் என்று விக்டர் கற்றுக்கொண்டான். அவன் நாள்தோறும் உலாவப் போய்ப் பால் குடித்துவரும் வீடு ஒன்று இருந்தது. ஒரு மாலை அங்கே கிளம்பும்போது அவனாகவே அந்த நான்கு எழுத்துகளையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். போன இடத்தில் மேசைமேல் அவற்றை அடுக்கிக் காட்டினான். அப்படிச் செய்யும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

இத்தார் அன்பானவர்தான், ஆனால் அவருடைய முறைகளில் அச்சுறுத்தலும் இருந்தது. பாடத்தின்போது விக்டர் வெறிகொண்டு எல்லாவற்றையும் தூக்கி எறிந்த ஒருநாள், அவனைத் தூக்கி மாடிச் சன்னலுக்கு வெளியே தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வெகுமதியும் தண்டனையும் ஒரே கையில் இருக்கும் இந்த இரட்டைநிலை, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சிறப்புக் கல்வியை விடவில்லை. இத்தாரின் மாணவரான எத்துவார் செகென், பயிற்சி முறைகளை ஒழுங்குபடுத்தி 1846-இல் நூலாக்கினார்; பிறகு அமெரிக்கா சென்று, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பள்ளிகள் அங்கே எழக் காரணமானவர்களில் ஒருவரானார். அந்தப் பள்ளிகளில் பல, சில பத்தாண்டுகளிலேயே ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைக்கும் காப்பகங்களாக மாறிப்போயின. அங்கே கற்பித்தல் என்ற பேச்சே மெல்ல மறைந்தது.

நல்ல வேலைக்கு அடையாளமாகக் கொடுத்து, பிறகு பிடித்த பொருளாக மாற்றிக்கொள்ள விடும் டோக்கனின் மூதாதை வேறு இடத்தில் பிறந்தது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். தேறிய மாணவனைக் கொண்டே மற்ற மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே உருவாக்கி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்றே அது பெயர்பெற்றது. லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் இதே வழியில் நூற்றுக்கணக்கானோரை ஒரே கூடத்தில் உட்காரவைத்தார். இத்தனை பேரைச் சட்டாம்பிள்ளைகளை மட்டும் நம்பி எப்படி அடக்கி நடத்துவது? லங்காஸ்டர் சீட்டு கொடுத்தார். ஒழுங்காகப் படித்தவனுக்குச் சீட்டு. சேர்த்த சீட்டுகளைக் கொடுத்தால் பந்து, காற்றாடி போன்ற பொருள்கள். சொன்னபடி கேட்காதவனைக் கூடையில் உட்காரவைத்து உத்தரத்திலிருந்து தொங்கவிடும் வழக்கமும் அதே பள்ளியில்தான் இருந்தது. சீட்டு மறக்கப்பட்டது. அது ஏன் வேலை செய்தது என்று கேட்பதற்கு இன்னும் ஆள் வரவில்லை.

கேட்டவர்கள் பிராணிகளோடு உழைத்த உளவியலாளர்கள். எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, தாழ்ப்பாளைத் தட்டித் திறந்துவந்தால் மீன் துண்டு என்று வைத்துப் பார்த்தார். முதலில் கண்டபடி பிறாண்டிய பூனை, நாளடைவில் நேராகத் தாழ்ப்பாளுக்குப் போனது. நிறைவு தரும் விளைவைப் பெற்ற செயல் நிலைக்கிறது என்ற விளைவு விதி இப்படி வந்தது. 1938-இல் வெளியான தம் முதல் நூலில் பி. எஃப். ஸ்கின்னர் இதை மேலும் கூராக்கினார். பூனை நிறைவடைந்ததா என்று யாருக்குத் தெரியும்? செயல் எத்தனை தடவை நடந்தது என்பதை மட்டும் எண்ணுவோம் என்றார். வலுவூட்டலின் இன்றைய வரையறை அந்தக் கணக்குப் புத்தியிலிருந்து வந்தது. வறட்டுத்தனமாகத் தோன்றும் அந்தப் புத்தி, கடைசியில் மனிதக் குழந்தைகளுக்கு நன்மை செய்தது. ‘இவனுக்கு அறிவில்லை’ என்ற தீர்ப்புக்கு அதில் இடமே இல்லை. இவன் கையை இன்று எத்தனை முறை தூக்கினான் என்ற கேள்விக்கு மட்டுமே இடம்.

கை தூக்கியது உண்மையாகவே நடந்தது. 1949-இல் பால் ஃபுல்லர் என்ற ஆய்வாளர், காப்பகம் ஒன்றில் பிறந்தது முதல் படுத்த படுக்கையாய்க் கிடந்த பதினெட்டு வயது இளைஞனைப் பற்றி எழுதினார். புரண்டு படுக்கவும் அவனால் முடியாது. அவன் எதையுமே கற்க இயலாதவன் என்று மருத்துவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். ஃபுல்லர் ஊசிக்குழாயில் வெதுவெதுப்பான சர்க்கரைப் பாலை எடுத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தார். வலது கை கொஞ்சம் அசைந்தால் வாயில் கொஞ்சம் பால். சில அமர்வுகளுக்குள் அந்தக் கை திரும்பத் திரும்ப மேலே எழுந்தது. பதினெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவன் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தான். அதற்காகப் பல மணி நேரம் அவனுக்கு உணவு கொடுக்காமல் வைத்திருந்தார்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அன்று யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

இந்த முறையைத் தனி ஒருவரின் கட்டிலிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்னி பிஜூவும் அவரைச் சுற்றித் திரண்ட இளைஞர்களும். 1960-களின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தன. ஒன்று மருத்துவமனையில், மற்றது பள்ளியில்.

மருத்துவமனையில் இருந்தது ‘டிக்கி’ என்று ஆய்வேட்டில் பெயர் சூட்டப்பட்ட மூன்றரை வயதுக் குழந்தை. ஆட்டிசம் உள்ளவன், கண்புரை அறுவை நடந்திருந்தது. கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். கண்ணாடியை எடுத்தாலே கத்தித் தலையை முட்டிக்கொள்வான். மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் ஆகிய மூவரும் கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டும் முயற்சியைக் கைவிட்டார்கள். லென்ஸ் இல்லாத வெற்றுச் சட்டங்களை அறையில் ஆங்காங்கே போட்டார்கள். தொட்டால் ஒரு ‘கிளிக்’ சத்தம், கூடவே தின்ன ஏதாவது. கையில் எடுத்தால் கிளிக். முகத்தருகே கொண்டுபோனால் கிளிக். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. மிட்டாயும் பழத்துண்டும் அவனை அவ்வளவாக இழுக்கவில்லை. காலை உணவையே ஒவ்வொரு கவளமாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பிறகு ஐஸ்கிரீமும் வந்தது. முடிவில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கண்ணாடியோடு இருந்தான். 1964-இல் வெளியான இந்தக் கட்டுரையைச் சிறப்புக் கல்வியின் திருப்புமுனைகளுள் ஒன்றாகச் சொல்வார்கள். அது தகும். காரியம் சாதித்தது மிட்டாய் என்பதைவிட, வேலையை அத்தனை சிறு படிகளாக உடைத்த பொறுமை என்பதே பொருத்தம்.

பள்ளி வேலை வாஷிங்டன் மாநிலத்தின் பக்லி ஊரில் இருந்த ரெய்னியர் பள்ளியில் நடந்தது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அந்த வகுப்பில், சரியான விடைக்கு ஆசிரியர் கட்டம் போட்ட தாளில் ஒரு குறி போடுவார். தாள் நிரம்பினால் பிடித்த பொருளோடு மாற்றிக்கொள்ளலாம். லங்காஸ்டரின் சீட்டு நூற்று அறுபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை கணக்கோடு வந்தது. ஜே பிர்ன்ப்ரவரும் உடனுழைத்தோரும் மூன்று வாரம் போலக் குறிகளை நிறுத்திப் பார்த்தார்கள். சில பிள்ளைகளிடம் பிழைகள் கூடின, குறும்பும் கூடியது. சிலரிடம் எந்த மாற்றமும் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் டோக்கன் தேவையில்லை என்ற இந்தப் பாதிச் செய்தி, முதல் பாதி அளவுக்குப் பரவவில்லை.

டோக்கன் அதன்பின் வேகமாகப் பரவியது. இல்லினாய் மாநிலத்தின் அன்னா மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கான வார்டு முழுவதையுமே டோக்கன் பொருளாதாரமாக ஆக்கிய அய்லனும் அஸ்ரினும் 1968-இல் அதை நூலாக எழுதினார்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஃபிராங்க் ஹியூவெட், மனவெழுச்சிச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் வகுப்பில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவர் அட்டையிலும் குறி போடும் ஏற்பாட்டை நடத்தினார். 1967-இல் ஓ’லியரியும் பெக்கரும் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் புகழ்பெற்றது. ஒன்பது வயதுப் பிள்ளைகள் பதினேழு பேர் கொண்ட அடங்காத வகுப்பு அது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு குட்டிப் புத்தகம். அதில் ஆசிரியர் ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பெண் எழுதுவார். மதிப்பெண்ணுக்கு ஏற்ப, சில காசு மதிப்புள்ள சில்லறைப் பரிசுகள். உற்றுநோக்கிய நேரத்தில் 76 சதவீதமாக இருந்த ஒழுங்கற்ற நடத்தை 10 சதவீதத்துக்கு இறங்கியது. பரிசுக்காகக் காத்திருக்க வேண்டிய காலத்தையும் படிப்படியாகச் சில நாள்வரை நீட்டிக்கொண்டே போனார்கள்.

இதே ஆண்டுகளில், அதிகச் சத்தமில்லாமல் இன்னொரு கண்டுபிடிப்பு நடந்தது. ஆசிரியரின் கவனிப்பே மிகப் பெரிய வெகுமதி. அதை ஆசிரியர்கள் பெரும்பாலும் தவறான நேரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், நடக்கத் தெரிந்தும் நாள் முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தவழும்போதெல்லாம் ஆசிரியைகள் குனிந்து கொஞ்சிப் பேசி எழுப்பப் பார்ப்பார்கள். அவர்களிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்கப்பட்டது: நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் அவளோடு பேசுங்கள். ஒரு வாரத்தில் மற்றக் குழந்தைகளைப் போல ஓடினாள். பழையபடி தவழும்போது கவனித்துப் பார்த்தார்கள், மறுபடி தவழ்ந்தாள். மீண்டும் முறையை மாற்றியதும் எழுந்துவிட்டாள்.

கன்சாஸ் நகரின் வறிய பகுதிப் பள்ளிகளில் வான்ஸ் ஹால் குழுவினர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதையே எண்களில் காட்டியது. ராபி என்று பெயரிடப்பட்ட சிறுவன் பாட நேரத்தில் ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொண்டும், பையிலிருந்த பொம்மையோடு விளையாடிக்கொண்டும் இருப்பான். படிப்பில் செலவானது 25 சதவீத நேரம்தான். ஆசிரியை அவனைக் கவனித்த தருணங்களில் பாதிக்குமேல், அவன் படிக்காமல் இருந்த தருணங்கள். வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உற்றுநோக்குநர், ராபி சற்று நேரம் தொடர்ந்து படித்தால், அவன் கண்ணில் படாமல் ஒரு வண்ணக் காகிதத் துண்டை உயர்த்திக் காட்டுவார். அதைப் பார்த்து ஆசிரியை அவனருகே போய் ஒரு நல்ல வார்த்தை சொல்வார். முதல் கட்டத்திலேயே படிப்பு நேரம் 71 சதவீதமானது. செலவு, காகிதத் துண்டு ஒன்றுதான். அதே ஆண்டில் மேட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் விதிகளை மட்டும் வகுப்பில் எழுதிப் போட்டுப் பார்த்தார்கள். பயன் அநேகமாக இல்லை. குறும்பைக் கண்டுகொள்ளாமல் மட்டும் விட்டுப் பார்த்தார்கள், நிலைமை சீர்கெட்டது. நல்லதைப் பாராட்டி, குறும்பைக் கண்டுகொள்ளாமல் விட்டபோதுதான் வகுப்பு அமைதியானது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுடன் வேலை செய்த இவார் லோவாஸின் வரலாறு இத்தனை இனிமையானதல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய பயிற்சியில் உணவுத் துண்டும் அணைப்பும் ஒரு பக்கம். அறையும் அதட்டலும், சிலருக்கு மின்னதிர்ச்சியும் மறுபக்கம். 1965 மே மாதம் ‘லைஃப்’ இதழ் அதைப் படங்களோடு வெளியிட்டது. வாரம் நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான பள்ளிப் படிப்பை எட்டினார்கள் என்று 1987-இல் அவர் எழுதியது பெற்றோரிடையே பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. அந்தப் பயிற்சியிலும் அடி முற்றிலும் நீங்கியிருக்கவில்லை. கையை உதறுவது, ஆடுவது போன்ற தீங்கில்லாத பழக்கங்களைக் களைவதற்காக வெகுமதியைப் பயன்படுத்துவது தகுமா என்று, அத்தகைய பயிற்சிக்கு உள்ளாகி வளர்ந்த ஆட்டிசமுள்ளவர்களே பிற்பாடு கேட்டார்கள்.

அந்தக் கேள்வியின் ஒரு வடிவம் துறைக்குள்ளேயே முன்பு எழுந்திருந்தது. 1972-இல் வினெட்டும் விங்க்ளரும் அதுவரை வந்திருந்த வகுப்பறை ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, இவற்றில் பெரும்பாலானவை பிள்ளைகளை அசையாமல், பேசாமல், பணிவாக இருக்கப் பழக்கவே வெகுமதியைச் செலவிடுகின்றன என்று குற்றம்சாட்டினார்கள். மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வேறொரு முடிச்சைக் காட்டினார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பின்னாளில் அவர்கள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் பாதியாகக் குறைந்தது. இந்த ஆய்வைக் காட்டி எல்லா வெகுமதியையும் தள்ளுபவர்கள் உண்டு. ஆனால் டிக்கிக்குக் கண்ணாடிமேல் ஏற்கெனவே ஆசை எதுவும் இருக்கவில்லை. இல்லாத ஆசையைக் கெடுக்கவும் முடியாது.

உணவை நிறுத்திவைப்பது பற்றிய கேள்வியை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அலபாமா மாநிலத்தின் காப்பகங்களைப் பற்றிய வயட் எதிர் ஸ்டிக்னி வழக்கில், 1972-இல் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் தந்த தீர்ப்பு, அங்கே வாழ்பவர்களுக்குப் போதிய உணவு, படுக்கை, உடை போன்றவற்றை உரிமை என்று வகுத்தது. உரிமையாக இருப்பதை டோக்கனுக்கு விற்க முடியாது. ஃபுல்லரின் பசித்த இளைஞனும் டிக்கியின் காலை உணவும் இனி நடக்கக்கூடியவை அல்ல. குழந்தைக்கு எப்படியும் கிடைக்க வேண்டியதற்குமேல் எதை வெகுமதியாக வைப்பது என்று ஆசிரியர்கள் தேட வேண்டியதாயிற்று. குழந்தை தானாக விரும்பிச் செய்யும் வேலையையே வெகுமதியாக்கலாம் என்ற டேவிட் பிரிமாக்கின் கருத்து இந்த இடத்தில் கைகொடுத்தது. இரண்டு கணக்கு போட்டால் ஐந்து நிமிடம் ஊஞ்சல் என்பது இன்று எந்தச் சிறப்பாசிரியரும் பேசும் பேச்சு.

இந்தியாவுக்கு இந்த முறை பெருமளவு செகந்திராபாத் வழியே வந்தது. அங்கே 1984-இல் தொடங்கப்பட்ட தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம், 1992-இல் ரீத்தா பெஷாவரியாவும் வெங்கடேசனும் எழுதிய நடத்தை அணுகுமுறைக் கையேட்டை ஆசிரியர்களுக்காக வெளியிட்டது. தின்பண்டம், பொருள், பாராட்டு, பிடித்த வேலை, டோக்கன், சலுகை என்று வெகுமதிகளை வகைபிரித்து, எந்தக் குழந்தைக்கு எது என்று முதலில் கண்டறியச் சொன்னது. அதே 1992-இல் வந்த மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தால் சிறப்பாசிரியர் பயிற்சி நாடெங்கும் ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்தபோது, ‘வலுவூட்டல்’ என்ற சொல் தமிழ்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளின் குறிப்பேடுகளிலும் ஏறியது.

1980-களில் அமெரிக்காவில் கேள்வியே திசைமாறியது. எந்த வெகுமதியைக் கொடுத்தால் கெட்ட நடத்தை நிற்கும் என்று கேட்டவர்கள், அந்த நடத்தைக்கு ஏற்கெனவே என்ன வெகுமதி கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். பால்டிமோரில் பிரையன் ஐவாட்டா குழுவினர் 1982-இல், தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் குழந்தைகளை வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு குழந்தை கவனிப்புக்காக அடித்துக்கொண்டது; இன்னொன்று கடினமான பாடத்திலிருந்து தப்ப அடித்துக்கொண்டது. 1985-இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் அடுத்த படியை எடுத்தார்கள். கவனிப்பு தேடிய பிள்ளைக்கு, நான் நன்றாகச் செய்கிறேனா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். தப்பப் பார்த்த பிள்ளைக்கு, எனக்குப் புரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். பொருத்தமான வாக்கியம் கைக்கு வந்ததும் அடியும் கூச்சலும் குறைந்தன. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்தால் குறையவில்லை. அமெரிக்காவின் ஊனமுற்றோர் கல்விச் சட்டம் 1997-இல் திருத்தப்பட்டபோது, நடத்தையின் காரணத்தை ஆராய்வதும் நேர்மறையான உதவிகளைக் கருதுவதும் சட்டத்திலேயே எழுதப்பட்டன.

வாக்கியமே பேச இயலாத குழந்தைக்கு என்ன செய்வது என்பது மிச்சமிருந்தது. 1985-இல் டெலவேர் மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளோடு வேலை செய்த ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் படஅட்டையைக் கையிலெடுத்தார்கள். குழந்தைக்கு முன்னால் ஒருவர், அது விரும்பும் பொருளோடு உட்காருவார். பின்னால் இன்னொருவர் பேசாமல் உட்கார்ந்து, குழந்தை பொருளுக்குக் கை நீட்டும்போது அந்தக் கையைப் படத்துக்குத் திருப்பி, முன்னால் இருப்பவரின் உள்ளங்கையில் வைக்க உதவுவார். அந்த நொடியில் பொருள் கிடைக்கும். பின்னால் இருப்பவரின் உதவி கொஞ்சம் கொஞ்சமாக விலகும். பிறகு முன்னால் இருப்பவர் எட்டத் தள்ளி உட்காருவார். அட்டையும் தள்ளி வைக்கப்படும். குழந்தை எழுந்து போய், பாலின் படத்தைத் தேடி எடுத்து, அறையின் மறுகோடிக்குக் கொண்டுவந்து கொடுத்துப் பால் வாங்கிக் குடிக்கும்.